எக்ஸ்பி ரிப்பேர் இன்ஸ்டால் "34 நிமிடம்" இடத்தில் உறைந்து நிற்கிறது. பார்மட் அடிக்க வழியில்லாத கணினி

#1 | சாயலேப்

வணக்கம். சாய லேபில் நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷினோடு ஓடும் பழைய கணினி. பென்டியம் 4 2.4 கிகா ஹெர்ட்ஸ், இன்டெல் 845 சிப்செட் போர்டு, 256 எம்பி டிடிஆர் ரேம் இரண்டு, 40 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் எஸ்பி3 (சர்வீஸ் பேக் 3). பிசிஐ ஸ்லாட்டில் இரண்டு சீரியல், ஒரு பேரலல் போர்ட் உள்ள கார்டு. ஸ்பெக்ட்ரோ அந்தக் கார்டில் காம்3 என்ற சீரியல் போர்ட்டில். சாஃப்ட்வேரின் டாங்கிள் (இதை மாட்டினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும்) போர்டிலேயே இருக்கும் பேரலல் போர்ட்டில். யுபிஎஸ் கேபிள் போர்டின் காம்1-ல்.

யுபிஎஸ் பேட்டரி போய்விட்டதால் கரண்ட் கட்டில் கணினி அப்படியே அணைந்தது. திரும்பப் போட்டால், கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் ஃபைல் காணோம் அல்லது கெட்டுவிட்டது என்று கறுப்புத் திரையில் வந்தது. எஸ்பி2 சிடி போட்டு ரிப்பேர் (டேட்டா அழியாமல் விண்டோஸை மட்டும் மேலேயே மறுபடி போடுவது) கொடுத்தோம். நீலத் திரையில் ஃபைல் காப்பி எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ரீஸ்டார்ட் ஆகி "இன்ஸ்டாலிங் டிவைசஸ்", இன்னும் 34 நிமிடம் என்று காட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. மூன்று முறை ஆயிற்று. சாஃப்ட்வேரின் சிடி இல்லை, பத்து வருட ரெசிபி டேட்டா உள்ளே இருக்கிறது. சேஃப் மோடில் போனால் "செட்டப் சேஃப் மோடில் ஓடாது" என்று சொல்லி ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன செய்யலாம்?

#2 | பழையபெட்டி

முதல்ல நாலாவது தடவை ரீசெட் அடிக்காதீங்க. மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க? அந்தக் காலத்து பென்டியம் 4-ல் இந்தக் கட்டம் பத்து பதினஞ்சு நிமிஷம் சாதாரணமாவே எடுக்கும். திரை ஒண்ணு ரெண்டு தடவை இருட்டாகித் திரும்பி வரும், அது டிஸ்ப்ளே டிரைவர் ஏறுறது. ஒரு மணி நேரம் அசையலேன்னாதான் உறைஞ்சுதுன்னு எடுத்துக்கணும்.

ரெண்டு, நின்னப்புறம் கீபோர்டுல நம் லாக் (Num Lock) அமுக்கினா விளக்கு மாறுதா? மவுஸ் அம்பு நகருதா? நம் லாக் மாறினா விண்டோஸ் உயிரோட இருக்கு, எதுக்கோ காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். மாறலேன்னா கெர்னலே செத்துப்போச்சு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மூணு, ஹார்டு டிஸ்க் விளக்கு எப்படி? சுத்தமா அணைஞ்சிருக்கா, விடாம எரியுதா, நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னுதா?

இன்னொண்ணு, இப்போ பயனில்லாத விஷயம்தான்: அந்த சிஸ்டம் ஃபைல் பிழைக்கு ரிப்பேர் இன்ஸ்டாலே தேவைப்பட்டிருக்காது. எக்ஸ்பி சிடியில இருக்கிற ரெகவரி கன்சோல்லயோ லினக்ஸ் லைவ் சிடியிலயோ போய், சிஸ்டம் ரெஸ்டோர் ஸ்னாப்ஷாட்ல இருக்கிற பழைய ரெஜிஸ்ட்ரி ஃபைலைக் கான்ஃபிக் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். அடுத்த தடவைக்கு ஞாபகம் வச்சுக்குங்க.

#3 | சாயலேப்

முதல் முறை 40 நிமிடம், இரண்டாவது முறை ஒன்றரை மணி நேரம், மூன்றாவது முறை இரவு முழுக்க. மவுஸ் நகர்கிறது. நம் லாக் மாறுகிறது. டிஸ்க் விளக்கு முழுசாக அணைந்தே இருக்கிறது. வலது கீழ் மூலையில் பச்சைக் கட்டங்கள் பாதியில் நிற்கின்றன. ஒரு முறை மட்டும் இரண்டு மூன்று கட்டம் முன்னாலேயே நின்றது போல் இருந்தது.

#4 | புதுசுவாங்கு

பார்மட் அடிச்சு விண்டோஸ் 10 போடுங்க, இல்லேன்னா விர்ச்சுவல் மெஷின்ல எக்ஸ்பி ஓட்டுங்க. 2014 ஏப்ரல் 8-லயே சப்போர்ட் முடிஞ்ச சாமானுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

#5 | பழையபெட்டி

கேள்வியை இன்னொரு தடவை படிங்க நண்பரே. சாஃப்ட்வேர் சிடி இல்லை, பேரலல் போர்ட் டாங்கிள், பிசிஐ கார்டு. 845 போர்டுல விண்டோஸ் 10-ஐ நினைச்சே பாக்க முடியாது. விர்ச்சுவல் மெஷினுக்குப் பேரலல் டாங்கிளைக் கொண்டுபோறது தனி வேலை, அதுக்கும் முதல்ல இந்த டிஸ்கோட இமேஜ் (முழு நகல்) வேணும்.

#6 | நீலத்திரை

சாயலேப், நல்ல செய்தி. நம் லாக் வேலை செய்து டிஸ்க் விளக்கு அணைந்திருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிவைஸ் பதில் தருவதற்காக செட்டப் காத்திருக்கிறது.

அந்த 34 நிமிடக் கட்டத்தில் நடப்பது இதுதான். செட்டப் போர்டில் உள்ள ஒவ்வொரு சிப்பையும் ஒவ்வொரு கார்டையும் தேடி, அதன் வெண்டர் எண்ணையும் டிவைஸ் எண்ணையும் படித்து, பொருத்தமான ஐஎன்எஃப் (டிரைவரை எப்படிப் போடுவது என்ற குறிப்பு) ஃபைலைக் கண்டுபிடித்து டிரைவரை ஏற்றுகிறது. ரிப்பேர் இன்ஸ்டாலில் ஒரு விசேஷம் உண்டு. புது இன்ஸ்டாலில் சிடியில் உள்ள டிரைவர்கள் மட்டும்தான். ரிப்பேரில் ஏற்கெனவே போட்டிருந்த வெளி டிரைவர்களும் சர்வீஸ்களும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கும், ஐஎன்எஃப் ஃபோல்டரில் "ஓஇஎம்" என்று தொடங்கும் ஃபைல்களும் இருக்கும். அவையும் இந்த நேரத்தில் ஓடும். ஆன்டிவைரஸ் ஃபில்டர், டாங்கிள் டிரைவர், கார்டு டிரைவர் மூன்றுமே சந்தேகத்துக்கு உரியவை.

யூகிக்க வேண்டாம், அதுவே சொல்லும். இன்னொரு முறை உறைய விடுங்கள். நின்றதும் ஷிப்ட் + எஃப்10 அமுக்குங்கள், கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் நோட்பேட் என்று கொடுத்து, விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள "செட்டப்ஏபிஐ.லாக்" என்ற பதிவு ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் + எண்ட் அமுக்குங்கள். கடைசி இருபது வரி போதும். ஒவ்வொரு டிவைஸும் "தேடுகிறேன்" என்ற வரியில் தொடங்கி, "ஐ121" எண்ணுள்ள "வெற்றிகரமாக முடிந்தது" என்ற வரியில் முடியும். தொடங்கியும் முடியாமல் கிடப்பதுதான் குற்றவாளி. பென்டிரைவ் அந்த நேரத்தில் தெரியாமல் போகலாம். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#7 | சால்டரிங்

நீலத்திரை சார், லாக் பார்க்கறதுக்கு முன்னாடி இமேஜ். பத்து வருஷ டேட்டா உள்ள டிஸ்கை உறைய விட்டு, ரீசெட் அடிச்சு விளையாடக் கூடாது.

டிஸ்கைக் கழட்டி ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர்ல வேற கணினியில மாட்டுங்க. விண்டோஸ்ல மாட்டாதீங்க, அது தானா செக் டிஸ்க் ஓட்ட ஆரம்பிச்சுடலாம். லினக்ஸ் லைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கிற காப்பி புரோகிராம்ல இமேஜ் எடுங்க, எது படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் கண்டிப்பா கொடுங்க. முதல் சுற்றுல கெட்ட இடத்தைச் சுரண்டாம ஓட விட்டு, ரெண்டாவது சுற்றுல மூணு தடவை மறுமுயற்சி. 40 ஜிபிதானே, டிஸ்க் நல்லா இருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.

அப்படியே ஸ்மார்ட் மதிப்பையும் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பத்தி வச்சிருக்கிற கணக்கு) பாருங்க. 5, 197, 198, 199 இந்த நாலும் ரா மதிப்பு என்னன்னு போடுங்க. 197-ல (படிக்க முடியாம நிக்கிற செக்டார்) ஒண்ணு ரெண்டு இருந்தாக்கூட அந்த டிஸ்க்ல இனிமே எதுவும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, இமேஜை வேற டிஸ்க்ல இறக்கிட்டு அதுல தொடருங்க. உங்க அடாப்டர் ஸ்மார்ட்டைக் கடத்தலேன்னா டிஸ்கைத் திருப்பி அந்தக் கணினியிலயே மாட்டி லைவ் சிடியில பாருங்க.

மூடி திறந்திருக்கும்போதே பிராசசர் சாக்கெட்டைச் சுத்தி இருக்கிற கப்பாசிட்டர் தலையைப் பாருங்க. தட்டையா இருக்கணும். மேல உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ, அந்த போர்டுல நீங்க எந்த சாஃப்ட்வேர் வைத்தியம் பார்த்தாலும் வீண். 2000-களோட தொடக்கத்துல வந்த போர்டுகளுக்கு இது பரம்பரை வியாதி. எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையையும் லோடுல அளங்க: நாலு பின் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவுல 11.4-லிருந்து 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75-லிருந்து 5.25. பட்டன் பேட்டரி 2.7-க்குக் கீழ இருந்தா மாத்துங்க. பயாஸ்ல தேதி 2002-ன்னு இருந்தா டிரைவர் கையெழுத்துச் சோதனை வேற தகராறு பண்ணும்.

#8 | நீலத்திரை

இமேஜ் முதலில் என்பதை ஏற்கிறேன், நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஹார்டுவேர் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ரேம் கெட்டால் ஒரு முறை காப்பியில், ஒரு முறை 37 நிமிடத்தில், ஒரு முறை விண்டோஸ் செத்து நீலத் திரை என்று வரும். இவருக்கு மூன்று முறையும் அதே 34 நிமிடக் கட்டம்.

#9 | சால்டரிங்

பாதி சரி. ஒரே இடத்துல நின்னா டிரைவர்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த டிரைவர் ஃபைலே பேட் செக்டார்ல உட்கார்ந்திருந்தா எல்லாத் தடவையும் அதே இடத்துலதான் நிக்கும். அப்போ டிஸ்க் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், டக் டக்குன்னு சத்தம் வரும். இவருக்கு விளக்கு அணைஞ்சிருக்கிறதால உங்க பக்கம் கொஞ்சம் சாய்றேன், அவ்வளவுதான். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ராத்திரி ஓட விடுறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

#10 | சாயலேப்

இமேஜ் எடுத்தாயிற்று, ஒரு பிழையும் இல்லை. ரெசிபி ஃபோல்டரைத் தனியாகவும் காப்பி எடுத்தோம். ஸ்மார்ட்: 5-ல் 0, 197-ல் 0, 198-ல் 0, 199-ல் 214. கப்பாசிட்டர் எல்லாம் தட்டையாக இருக்கின்றன. 12 வோல்ட் லைன் 11.9, 5 வோல்ட் லைன் 5.04. பேட்டரி 2.3 இருந்தது, மாற்றித் தேதியும் சரி செய்தோம். மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் பிழை இல்லை.

மறுபடி உறைய விட்டு ஷிப்ட் + எஃப்10 கொடுத்ததில் லாக் திறந்தது. கடைசி டிவைஸ்: பிசிஐ, வெண்டர் 9710, டிவைஸ் 9835. அதற்கு மேலே நெட்வொர்க் கார்டு, சவுண்டு எல்லாம் ஐ121 வரியோடு முடிந்திருக்கின்றன. இதற்கு மட்டும் ஓஇஎம்7.ஐஎன்எஃப் எடுத்ததாக ஒரு வரி, "முழு இன்ஸ்டால் தொடங்குகிறது" என்று ஒரு வரி. அதோடு சரி.

#11 | நீலத்திரை

9710, 9835 என்பது உங்கள் சீரியல்-பேரலல் கார்டுதான். ஓஇஎம்7 என்பது எப்போதோ அதற்குப் போட்ட வெளி டிரைவர். அந்த டிரைவர் போர்ட்டைத் திறந்ததும் எக்ஸ்பி அதன் முனையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கும். சீரியல் மவுஸா, மோடமா என்று லைன்களை ஏற்றி இறக்கிப் பார்க்கும். மறுமுனையில் ஸ்பெக்ட்ரோ ஆன் நிலையில் உட்கார்ந்து ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் விசாரணை முடியாது. அதைச் சீரியல் மவுஸ் என்று எடுத்துக்கொண்டு அம்பைத் திரை முழுக்க ஓட விட்ட எக்ஸ்பிகளும் உண்டு.

செய்ய வேண்டியது:

பவரை நிறுத்தி, சுவிட்சிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கார்டைக் கழற்றி வெளியே வையுங்கள். டாங்கிளையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், மெஷின் ஆனில் இருக்கும்போது பேரலல் போர்ட்டில் கை வைக்காதீர்கள். காம்1-ல் உள்ள யுபிஎஸ் சிக்னல் கேபிளையும் கழற்றுங்கள். இதை விட்டால் இன்னொரு வினை: செட்டப் லைனை ஆட்டுவதை யுபிஎஸ் "அணைந்துகொள்" என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு நடுவில் பவரை நிறுத்திவிடும். பவர் வயர் யுபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும், பேட்டரியை மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள். பிரின்டர், பென்டிரைவ், கார்டு ரீடர் எதுவும் வேண்டாம். பிஎஸ்/2 கீபோர்டு இருந்தால் அதைப் போடுங்கள். இந்தக் கட்டத்தில் யுஎஸ்பி கன்ட்ரோலர் டிரைவர் ஏறும்போது யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் சிறிது நேரம் செத்துப்போகும். சீரியல் எண் கேட்கும் திரை அப்போது வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆன் செய்ததும் "சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது விசையை அழுத்தவும்" என்று வரும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் நீலத் திரைக் காப்பியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். சும்மா விட்டால் டிஸ்கிலிருந்து பூட் ஆகி, செட்டப் தானே தொடரும். சிடி டிரைவிலேயே இருக்க வேண்டும், ஃபைல்களைக் கேட்கும்.

#12 | சால்டரிங்

199-ல 214 இருக்கே, அதை யாரும் கண்டுக்கல. அது டிஸ்க் குறை இல்ல, டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவுல கேபிள்ல டேட்டா சிதையறதால வர்ற சிஆர்சி பிழை. ஐடிஇ ரிப்பன் 40 வயரா 80 வயரான்னு பாருங்க. 80 வயர்ல கோடுகள் முடி மாதிரி மெல்லிசா நெருக்கமா இருக்கும். நீலக் கனெக்டர் போர்டுல, கறுப்பு மாஸ்டர் டிஸ்க்ல, நடுவுல இருக்கிற சாம்பல் கனெக்டர் ஸ்லேவுக்கு. தலைகீழா மாட்டியிருப்பாங்க, பல இடத்துல அப்படித்தான் இருக்கும். பத்து வருஷக் கேபிளைப் புதுசா மாத்துங்க, அதுக்கப்புறம் அந்த 214 ஏறக் கூடாது. எண் குறையாது, பயப்படாதீங்க. ஏறாம இருந்தா போதும்.

இதுக்கும் உறையறதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லேன்னாலும், ஒரு சேனல்ல ஆறு தடவை இந்த மாதிரி பிழை சேர்ந்தா எக்ஸ்பி டிஎம்ஏ-ங்கிற வேகமான முறையை விட்டுட்டு, பிராசசரே டேட்டாவைச் சுமக்கிற பிஐஓ-வுக்கு இறங்கிடும். அப்புறம் ஆமை வேகம். உறைஞ்சுபோச்சுன்னு நினைச்சு ரீசெட் அடிக்கறவங்கள்ல பாதிப் பேர் பிஐஓ-வுல ஓடற கணினியைத்தான் கொன்னுக்கிட்டிருக்காங்க.

#13 | சாயலேப்

34 தாண்டிவிட்டது! கார்டு இல்லாமல் எட்டு நிமிடத்தில் அந்தக் கட்டம் முடிந்தது. கேபிள் 40 வயர்தான் இருந்தது, மாற்றினோம். "ரிஜிஸ்டரிங் காம்பொனன்ட்ஸ்" மட்டும் மிக மெதுவாகப் போனது, கை வைக்காமல் இருந்தோம். இப்போது டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் திறந்த உடனே மூடிக்கொள்கிறது, சாஃப்ட்வேரின் ஹெல்ப் பக்கமும் வரவில்லை. எக்ஸ்ப்ளோரர் 8 போட்டிருந்தது.

#14 | பழையபெட்டி

எதிர்பார்த்ததுதான். ரிப்பேர் பண்றப்போ சிடியில இருக்கிற எக்ஸ்ப்ளோரர் 6 ஃபைல் சிலது 8-க்கு மேல ஏறிடும், மீதி 8-ஆவே இருக்கும். முறையாச் செய்யணும்னா ரிப்பேருக்கு முன்னாடியே 8-ஐக் கழட்டியிருக்கணும். கணினி பூட்டே ஆகாத நிலையிலகூட ரெகவரி கன்சோல்ல போய் விண்டோஸுக்குள்ள ஐஇ8, அதுக்குள்ள எஸ்பியுஎன்இன்ஸ்ட் ஃபோல்டர், அங்க "பேட்ச்" (batch) கமாண்டோட எஸ்பியுஎன்இன்ஸ்ட்.டிஎக்ஸ்டி கொடுத்தா கழண்டிருக்கும்.

இப்போ அதே ஃபோல்டர்ல இருக்கிற எஸ்பியுஎன்இன்ஸ்ட்.இஎக்ஸ்இ-ஐ ஓட்டுங்க, 8 போயி 6 முழுசா வரும். ரீஸ்டார்ட். அப்புறம் எஸ்பி3 போடுங்க, உங்க சிடி எஸ்பி2-ங்கிறதால சிஸ்டம் ஃபைல் எல்லாம் இப்போ பழசு. எஸ்பி3-க்கு அப்புறம்தான், தேவைன்னா, திரும்ப 8. வரிசையை மாத்தாதீங்க. நெட்வொர்க் கேபிளை மாட்டவே வேண்டாம், எஸ்பி3-யைப் பென்டிரைவ்ல கொண்டுவாங்க.

டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ சேனல் பிராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு டேப் பாருங்க. "பிஐஓ மோட்"னு இருந்தா அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்க, புதுக் கேபிளோட "அல்ட்ரா டிஎம்ஏ 5"-க்கு ஏறிக்கும்.

கார்டைக் கடைசியா மாட்டுங்க. அதுல ஸ்பெக்ட்ரோ கேபிள் இல்லாம மாட்டி, டிரைவர் ஏறி முடிஞ்சப்புறம்தான் கேபிள்.

#15 | சாயலேப்

எல்லாம் ஆயிற்று. பிஐஓ-வில்தான் இருந்தது, இப்போது டிஎம்ஏ 5. எஸ்பி3 ஏறிவிட்டது. கார்டு டிரைவர் இந்த முறை ஒரு நிமிடத்தில் முடிந்தது. டாங்கிளை மாட்டியதும் சாஃப்ட்வேர் திறக்கிறது, ரெசிபி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஸ்பெக்ட்ரோ கிடைக்கவில்லை என்கிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் போர்ட்கள் காம்5, காம்6 என்று வந்திருக்கின்றன. சாஃப்ட்வேரில் 1 முதல் 4 வரைதான் தேர்வு செய்ய முடிகிறது.

#16 | நீலத்திரை

கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டியிருப்பீர்கள். ஸ்லாட் மாறினால் எக்ஸ்பிக்கு அது புதுக் கார்டு. பழைய காம்3, காம்4 இரண்டையும் முந்தைய கார்டின் பேய் (ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருக்கும் பழைய பதிவு) பிடித்துக்கொண்டிருக்கும்.

கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, செட் டெவ்எம்ஜிஆர்_ஷோ_நான்பிரசன்ட்_டிவைசஸ்=1 என்று கொடுங்கள். ஜன்னலை மூடாமல் அதே இடத்தில் டெவ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி ஓட்டுங்கள். திறக்கும் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்". போர்ட்ஸ் பகுதியில் வெளிறிய ஐகானோடு பழைய காம்3, காம்4 தெரியும். கார்டுக்கான வெளிறிய தாய் வரியும் எங்காவது இருக்கும். அவற்றை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வெளிறிய ஐகான் எல்லாமே குப்பை என்று நினைத்து மற்றவற்றில் கை வைக்காதீர்கள், சில சிஸ்டம் டிரைவர்களும் அப்படித்தான் தெரியும். பிறகு காம்5-ன் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அங்கே காம்3 என்று மாற்றுங்கள். காம்3 பக்கத்தில் "பயன்பாட்டில்" என்று காட்டினால் பேய் இன்னும் போகவில்லை.

#17 | சாயலேப்

வெளிறிய வரி மூன்று இருந்தன, எடுத்தோம். காம்3 கிடைத்துவிட்டது. ஸ்பெக்ட்ரோ வெள்ளை டைலில் கேலிபிரேட் ஆகிறது. 199 இன்னும் 214-லேயே நிற்கிறது.

#18 | சால்டரிங்

இந்த நிலையில ஒரு இமேஜ் எடுத்து வேற டிஸ்க்ல வைங்க. யுபிஎஸ் சிக்னல் கேபிளை இனி மாட்டணும்னா விண்டோஸ் முழுசா ஏறினப்புறம் மாட்டுங்க.